குண்டூசி குத்திய இடம்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேன், அதை எடுக்கும் உத்தேசம் இல்லை. அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் உங்கள் குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரும் படிப்பார்கள். அதனால் தபால். அண்ணன் பெயருக்கு அனுப்பாமல் உங்கள் பெயருக்கு அனுப்பியதற்குக் காரணம், இது குடும்ப விஷயம் இல்லை என்பதுதான்.

நேற்று உங்கள் டிவி பேட்டியைப் பார்த்தேன். “முன்னாடி நூத்துக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஒரே கொத்தா இருக்கு. அந்தக் கொத்தோட எடை, அதுக்குப் பின்னாடி ரொம்பத் தூரத்துல இருக்கற மண்டலத்தோட வெளிச்சத்தை வளைச்சு, பெருசாக்கிக் காட்டுது. விண்வெளித் தொலைநோக்கிக்கே தனியா எட்டாத தூரம் அது. கொத்து லென்ஸ் மாதிரி நடுவுல நிக்கறதாலதான் நாம அதைப் பார்க்கறோம். ஒரே மண்டலம் மூணு இடத்துல தெரியும். ஒவ்வொரு வெளிச்சமும் வர்ற பாதை வேற, அதனால வந்து சேர்ற நாளும் வேற” என்றீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ‘ரொம்பத் தூரம்’ என்னும்போது இடது கையை மட்டும் நீட்டி விரல்களை ஆட்டினீர்களே, அது நான் வகுப்பில் செய்வது. விடுதி அறையில் கண்ணாடி முன்னால் நான் பழகியபோது நீங்கள் கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயம். பின்னால் இருக்கும் அந்த மண்டலத்தில் வெடித்த நட்சத்திரத்தைப் போன வருடம் இரண்டு பிம்பங்களில் பார்த்துவிட்டோம். முதலில் பெரியவளில், ஐந்து வாரம் கழித்து நடுவளில். (மூன்று பிம்பங்களுக்கும் நாம் வைத்த பெயர்கள். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.) மூன்றாவது பிம்பமான சின்னவளில் அந்த வெடிப்பு இந்த வருடம் செப்டம்பரில் தெரியும் என்பது என் கணக்கு. நீங்கள் அடுத்த வருடம் நவம்பர் என்கிறீர்கள். தொலைநோக்கி ஒரே ஒரு மாதம்தான் கொடுக்கும், விண்ணப்பம் மார்ச் 31-க்குள் போக வேண்டும், அனுப்புகிறவர் நீங்கள். நவம்பர் என்று போட்டால் சின்னவள் வந்துவிட்டுப் போயிருப்பாள். இந்த நட்சத்திரத்துக்கு நான்காவது தடவை கிடையாது.

என் கணக்கைக் குழுவுக்கு அனுப்பினேன். ‘பிரபலமான இருட்டுக் கட்டி இதில் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யார் எழுதிய வரி என்று கேட்கவில்லை. நடை தெரிந்த நடைதான்.

நீ இன்னொரு முறை கணக்கைப் பார்.

இப்படிக்கு,
நாத்தனார்

பிப்ரவரி 15

சிடுமூஞ்சிக்கு,

‘மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு’ என்பதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். சிரித்ததில் சாப்பாடு புரையேறிவிட்டது. “கடைசி வரில ‘நீ’ன்னு வந்துட்டா பாரு, அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு எழுதியிருக்கா” என்றார். பல் டாக்டருக்கு உன்னைப் பற்றி எல்லாம் தெரிகிறது. நம் கொத்தின் படத்தைக் காட்டினால் மட்டும், “இதுல ஏன் எல்லாருக்கும் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கு?” என்று கேட்கிறார். வளைந்த வெளிச்சமெல்லாம் அவருக்குக் கம்பிதான்.

கையை ஆட்டியது எனக்கே தெரியாது. பேட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆமாம், உன் கைதான். நாலு வருடம் ஒரே அறையில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், நான் என்ன செய்ய?

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்கிறேன். நம் படத்தில் நீலக் குண்டூசி குத்தி வைத்த குடும்பம் ஞாபகம் இருக்கிறதா? அந்த நீல மண்டலமும் கொத்துக்குப் பின்னால் இருப்பதுதான், அதுவும் மூன்று இடத்தில் தெரிகிறது. அதன் மூன்றாவது பிம்பம் நாம் குறித்த இடத்தில் விழ வேண்டுமானால், கொத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எடை இருந்தே ஆக வேண்டும். அதுதான் கட்டி. அதை வைக்காமல் என்ன செய்தாலும் கணக்கு ஒட்டவில்லை, வைத்தால் அழகாக உட்காருகிறது. அந்தக் கட்டியை ஒட்டித்தான் சின்னவளின் வெளிச்சமும் வந்தாக வேண்டும். அதனால் அவள் தாமதமாவாள். நவம்பர்.

கட்டிக்காக எனக்கு விருது கொடுத்தார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. நீ அதை ஏன் விட்டுவிட்டாய் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்த மூன்றாவது பிம்பத்தை, நம் நீல மூன்றை, தேடிக் கண்டுபிடித்ததே நீதான்!

என் பெண்ணுக்கு நாலு வயதாகிறது. நேற்று, “அத்தைன்னா யாரு? கதைல வர்றவங்களா?” என்று கேட்டாள். இது குடும்ப விஷயம் இல்லை என்று எழுதியிருக்கிறாய், அதனால் பதில் சொல்ல வேண்டாம்.

வாயாடி

பிப்ரவரி 26

வாயாடிக்கு,

அண்ணன் சிரித்தான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதக்கூடிய ஆயிரம் விஷயத்தில் அதைத்தான் முதலில் எழுத வேண்டுமா? நான் எழுதுவதை நீ படிக்க, அவன் கேட்டுச் சிரிக்க, உங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நான் தொட்டுக்கொள்ளவா?

மூடி மறைக்கப்போவதில்லை. உன்னைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இங்கே என் அறை மூன்றாவது மாடியில், ஏசி ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். வாளி நிரம்புவதை வைத்து மணி சொல்வேன். வகுப்பு, விடைத்தாள், மறுபடி வகுப்பு. அதற்கு நடுவில்தான் நம் கொத்தைப் பார்க்கிறேன். உன் நிறுவனத்தின் வாசலில் உன் படம் ஆள் உயரத்துக்கு இருக்கிறதாம், போய்வந்த மாணவி சொன்னாள். “மேடம், அவங்க உங்க அண்ணியாமே!” என்று கண் விரியக் கேட்டாள். அதற்கு மறுநாள் அவளுடைய விடைத்தாளில் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். பிறகு போட்டுவிட்டேன். ஆனால் குறைத்தேன்.

அம்மா போனில் சொல்லித்தான் எனக்கு உங்கள் விஷயம் தெரிந்தது. ஒரு வருடமாக என் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரே அறை, ஒரே கெட்டில், ஒரே கணினி. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. “இனிமே பேர் சொல்லாதடி, அண்ணின்னு கூப்பிடு” என்றாள் அம்மா. எனக்கு இருந்தது ஓர் அண்ணன், ஒரு தோழி. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் சொந்தமாகி, நான் விருந்தாளியாகிவிட்டேன். அதோடு நாம் நாலு தாளை ஒட்டிக் குண்டூசி குத்தி வைத்த படத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டாய். அது உனக்குச் சீதனமா?

நீலக் குண்டூசி மூன்றாவது இருக்கும் இடத்தை இன்னொரு முறை பார். அவ்வளவுதான் சொல்வேன்.

நாத்தனார்

மார்ச் 8

சிடுமூஞ்சி,

பார்த்தேன். நீ குத்தின இடத்தில்தான் இருக்கிறது. அதில் என்ன?

அந்தப் படம் என் மேஜைக்கு எதிரே, தெர்மாகோல் அட்டையோடு அப்படியே இருக்கிறது. ஒரு குண்டூசியைக்கூட நான் நகர்த்தியதில்லை. புதிய தொலைநோக்கியின் படங்கள் வந்தபோது எல்லா இடங்களையும் கணினியில் மறுபடி குறித்தார்கள். நீல மூன்றின் பக்கத்தில் அதே போல இன்னொரு மங்கல் புள்ளியும் இருந்தது. “எது?” என்று என் மாணவர் கேட்டார். இரண்டும் அவ்வளவு மங்கல், தூரத்தை அளந்து பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. “குண்டூசி இருக்கறதுதான். அதைப் பார்த்து வெச்சவ கண்ணு தப்பாது” என்றேன்.

உன் பட்டியலைப் படித்தேன். நீ மட்டும்தான் பட்டியல் போடத் தெரிந்தவளா? எனக்கும் ஒன்று இருக்கிறது. நான் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டால் உன் அண்ணன் காபியை வைத்துவிட்டு, “என் தங்கச்சி இருந்தா ஒரே பார்வைல சொல்லியிருப்பா” என்பார். வலிக்க வேண்டும் என்று சொல்வதில்லை. உன்னை நினைத்துக்கொண்டு சொல்கிறார், அவ்வளவுதான். விருது வாங்கின அன்றைக்கும் காரில் அதைச் சொன்னார். கையில் விருதை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஏழு வருடமாக முகமே காட்டாத ஒருத்தியோடு என் வீட்டில் எனக்குப் போட்டி.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொன்னால் நீ அறையைக் காலி செய்துவிடுவாய் என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தும் நீ காலி செய்துவிட்டாய்.

எதையோ ஒளித்து வைத்திருக்கிறாய். உன் கடிதத்தில் கடைசி வரிக்கு முன்னால் பேனாவை எடுத்து வைத்த இடம் தெரிகிறது. மார்ச் 31-க்கு இன்னும் மூன்று வாரம். விண்ணப்பத்தில் நவம்பர் என்று எழுதி வைத்துவிட்டேன். வேறு காரணம் இருந்தால் சொல். இல்லையென்றால் பேசாமல் இரு.

வாயாடி

மார்ச் 17

வாயாடி,

இதற்கு முன்னால் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

அம்மா போன் செய்த அன்று மதியம். நீ நூலகத்துக்குப் போயிருந்தாய் (நூலகத்துக்கு இல்லை, அண்ணனைப் பார்க்க என்று அம்மாவின் போனில்தான் தெரிந்தது). போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சுவரில் நம் படம். நீல மூன்றை அதற்கு முந்தைய வாரம்தான் கண்டுபிடித்திருந்தோம். ஞாபகம் இருக்கிறதா, நான் சரியான புள்ளியைக் காட்டினதும் நீ என்னைக் கட்டிக்கொண்டு கெட்டிலைத் தட்டிவிட்டாய். அந்தக் குண்டூசியைப் பிடுங்கினேன். பக்கத்தில் இருந்த மங்கல் புள்ளியில் குத்தினேன்.

உன்னைக் குத்த முடியவில்லை, படத்தைக் குத்தினேன். சாயங்காலம் நீ வந்ததும் சண்டை போட்டு, சண்டை முடிந்ததும் திரும்ப மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சண்டை முடியவே இல்லை. மூன்றாம் நாள் நான் பெட்டியோடு கிளம்பிவிட்டேன், பிறகு படம் உன்னோடு போய்விட்டது.

அதனால் அங்கே கட்டி எதுவும் இல்லை. இருந்ததே இல்லை. தப்பான புள்ளிக்கு வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போக உன் கணக்குக்கு ஓர் எடை தேவைப்பட்டது, நீ கொண்டுபோய் வைத்தாய். மூன்று வருடத்துக்கு முன் உன் கட்டுரை வந்தபோது முதல் படத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். உலகமே உன்னைக் கொண்டாடுகிறது, அது நான் குத்தின குண்டூசி. விருது கொடுத்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த விருதின் மேலும் பொறாமை வந்தது. என் குண்டூசிக்குக் கொடுத்த விருது உன் அலமாரியில்.

என் கணக்கில் சரியான புள்ளிதான் இருக்கிறது. அதைக் கட்டி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இது வேண்டும்தான்.

இந்தக் கடிதத்தை அனுப்பாமல் இருந்தால் நீ நவம்பரில் வெறும் இருட்டைப் படம் எடுப்பாய். எல்லாரும் பார்த்திருக்க நீ தோற்பாய். ஒரு மாதமாக அதை நினைத்து ருசித்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் சின்னவளும் யாரும் பார்க்காமல் போய்விடுவாள். இந்த மூவரில் ஒரு நட்சத்திரம் வெடித்து, அது சின்னவள் வரை வந்து சேர்வதைப் பார்த்துவிட வேண்டும் என்று எத்தனை நாள் பேசியிருக்கிறோம். உன்னைத் தோற்கடிக்க அவளைப் பலி கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

செப்டம்பர் 9 என்பது என் நாள். முன்னே பின்னே இரண்டு வாரம்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதற்கும் எரியும்.

நா.

மார்ச் 29

நாத்தனாருக்கு,

அந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

உனக்குத் தெரியாது, நீதான் போய்விட்டாயே. கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊர் வந்து படத்தை மாட்டும்போதே பார்த்தேன். நீலக் குண்டூசி இருக்கும் ஓட்டை ஒன்று, அதற்கு ஒரு விரல் தள்ளி காலி ஓட்டை ஒன்று. அந்தக் காலி ஓட்டைதான் சரியான இடம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. பிறகு நினைத்தேன், ‘இவள் மறுபடி யோசித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள், எனக்குத்தான் புரியவில்லை.’ என் கண்ணை நம்பாமல் உன் கையை நம்பினேன். ஏழு வருடம்.

உன் கடிதம் வந்த அன்று குண்டூசியைப் பிடுங்கி அந்தக் காலி ஓட்டையில் குத்தினேன். எட்டு நாள் கணக்குப் போட்டோம். கட்டி இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிட்டது. நாள், செப்டம்பர் 12. விண்ணப்பத்தைச் செப்டம்பர் என்று மாற்றி இன்று காலை அனுப்பிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிவிட்டேன். மாணவர் ஒருவர் அந்தக் கட்டியை வைத்துத்தான் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொன்னபோது ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உனக்காக என்னிடம் கெஞ்சுவார். எனக்கு இப்போது அதைக் கேட்கத் தெம்பில்லை.

இனி எழுதாதே.

அக்டோபர் 6

வாயாடிக்கு,

எழுதாதே என்றாய். ஆறு மாதம் எழுதாமல் இருந்தேன். இதற்கு மேல் முடியாது.

படம் வந்த அன்று எல்லாருக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் எனக்கும் ஒன்று வந்தது. வகுப்புக்கு நடுவில் திறந்தேன். சின்னவளின் வலது ஓரத்தில், போன வருடம் இல்லாத ஒரு புள்ளி. செப்டம்பர் 10. பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன். “மேடம், என்னாச்சு?” என்றார்கள். “ஒண்ணும் இல்ல, நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்துட்டாங்க” என்றேன். உனக்கு ஒன்பதும் இல்லை எனக்குப் பன்னிரண்டும் இல்லை பார், யார் பக்கமும் சாயாமல்... மாற்றி எழுதிவிட்டேன், எனக்குத்தான் ஒன்பது. எனக்கு ஒரு நாள்தான் பிசகு, உனக்கு இரண்டு. கவனித்தாய் என்று நினைக்கிறேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். பத்திரிகையில் உன்னைப் பற்றி முழுப் பக்கம் வந்திருக்கிறது. ‘தன் தவறைத் தானே கண்டுபிடித்து, விருதைத் திருப்பிக் கொடுத்த விஞ்ஞானி.’ நேர்மைக்கு உதாரணமாம். எங்கள் துறைத் தலைவர் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். நான் தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போகிறேன். அதில் குண்டூசியைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘ஆரம்பத்தில் பிம்பத்தைத் தவறாக அடையாளம் கண்டேன்’ என்று சொல்லியிருக்கிறாய். நீயா கண்டாய்?

கடைசியில் என் தப்பையும் நீ எடுத்துக்கொண்டாய். அதற்கும் கைதட்டு வாங்கிவிட்டாய். நான் அசிங்கமாகச் செய்ததுகூட உன் கைக்குப் போனால் பெருந்தன்மையாகிவிடுகிறது. எனக்கு உன் பெருந்தன்மை வேண்டாம். பத்திரிகைக்கு எழுது, இல்லையென்றால் நான் எழுதுகிறேன். அந்தத் தப்பு என்னுடையது. அந்தக் குண்டூசியைக் கழற்றி எனக்கு அனுப்பு.

சி.

அக்டோபர் 19

சிடுமூஞ்சிக்கு,

பெருந்தன்மையா? உனக்கு என்னை இவ்வளவுதான் தெரியுமா?

பத்திரிகைக்காரப் பெண்மணி கேட்டார், “எப்படி இந்தத் தப்பு நடந்துச்சு?” என்று. வாய் வரை வந்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. குண்டூசியைச் சொன்னால் கட்டியை உண்டாக்கியதும் நீ, அழித்ததும் நீ, சின்னவள் வரும் நாளை முதலில் சொன்னதும் நீ என்றாகிவிடும். மூன்று வருடம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களே, அதுவும் உன் கை வேலை. அப்புறம் எனக்கென்று என்ன மிச்சம்? தப்பு ஒன்றுதான். அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று, “நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன். வயிற்றெரிச்சலில் சொன்னது. அதைப் போய் நேர்மை என்று அச்சடித்துவிட்டார்கள்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அந்த மாணவர் இப்போது சின்னவளை வைத்து எழுதுகிறார், ஒரு வருடம் அதிகமாகும். அந்த ஒரு வருடத்தை உன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

சின்னவளின் கட்டுரையை முடித்துவிட்டேன். முதல் பெயர் உன்னுடையது. நன்றி சொல்லாதே, ஒரு நாள் பிசகு இரண்டு நாள் பிசகைவிடக் குறைவு, அவ்வளவுதான். உன் அண்ணன் கட்டுரையில் உன் பெயரைப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்ல” என்றார். அவரையும் சேர்த்து எரித்திருப்பேன்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றார். இரண்டு ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். “இவ்வளவு கிட்டயா குத்தினா?” என்று கேட்டார். பெண்ணும் வந்து நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். “இது அத்தை பண்ணினதா?” என்றாள். ஆமாம் என்றேன். கதையில் வருகிறவர் இல்லை என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

குண்டூசியை அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். தைரியம் இருந்தால் நேரில் வந்து பிடுங்கிக்கொள்.

வாயாடி